விதைநெல்லும் நிலமும்: கருமுட்டை உறைவைப்பும் தமிழ்க் கதையாடலின் காலமும்

ஆய்வுச்சுருக்கம்

பெண்ணின் கருமுட்டையை இளம் வயதில் எடுத்து உறையவைத்து, பல ஆண்டுகள் கழித்துக் கருத்தரிப்புச் சிகிச்சையின்வழிப் பயன்படுத்தும் முறை, பிள்ளைப்பேறு பற்றிய கதைகளின் கால ஒழுங்கை மாற்றவல்லது. தமிழில் குழந்தையின்மைக் கதையாடல் திருமணத்திற்குப் பிந்தைய காத்திருப்பையே தன் காலமாகக் கொண்டுள்ளது. விதையும் நிலமும் அதன் அடிப்படை உவமைகள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலையும் அதன் இரு தொடர்ச்சிகளையும், ‘தாராள பிரபு’ (2020), ‘காதலிக்க நேரமில்லை’ (2025) ஆகிய திரைப்படங்களையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் விந்தணு கதைப்பொருளாகவும் முட்டை கண்ணுக்குப் புலப்படாததாகவும் அமைவதை இக்கட்டுரை ஆராய்கிறது. கலைச்சொற்களும் சட்டமும் இப்புலப்படாமைக்கு எவ்வாறு துணைசெய்கின்றன என்பதும் நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கருமுட்டை உறைவைப்பு, குழந்தையின்மை, மாதொருபாகன், கதையாடற் காலம், விதை–நில உவமை, பெண்ணுடல்

முன்னுரை

விந்தணுவை உறையவைப்பது 1950களிலேயே கைகூடிவிட்டது. உறைந்த விந்தணுவால் நிகழ்ந்த கருத்தரிப்பு 1953இல் அறிவிக்கப்பட்டது. முட்டைக்கு அந்த நிலை வாய்க்க நெடுங்காலம் ஆயிற்று. மனித உடலின் மிகப் பெரிய செல் முட்டையே. அதனுள் நீர் மிகுதி. மெல்ல உறையும்போது அந்நீர் பனிப்படிகங்களாகி உள்ளமைப்பைச் சிதைத்துவிடும். உறைந்த முட்டையிலிருந்து தோன்றிய முதல் கருத்தரிப்பை 1986இல் ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டோபர் சென் அறிவித்தார். எனினும், படிகம் உருவாக இடம்தராமல் நொடிப்பொழுதில் கண்ணாடிபோல் இறுகச்செய்யும் முறை செம்மையடைந்த பின்னரே இது மருத்துவமனைகளில் பரவலாயிற்று. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் ‘சோதனை நிலையிலுள்ளது’ என்னும் அடையாளத்தை 2012இல் நீக்கியது. இரண்டே ஆண்டுகளில் ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் தம் பெண் ஊழியர்களின் முட்டை உறைவைப்புச் செலவை ஏற்க முன்வந்தன. மருத்துவ ஆய்வறையிலிருந்து ஊதிய ஒப்பந்தத்துக்கு ஒரு சிகிச்சை இவ்வளவு விரைவில் இடம்பெயர்ந்தது சிந்திக்கத்தக்கது.

செயல்முறை வருமாறு. பத்து முதல் பன்னிரண்டு நாள்கள்வரை இயக்குநீர் ஊசிகள் செலுத்தப்பட்டு, ஒரு மாதச் சுழற்சியில் ஒன்றாக முதிரும் முட்டை பலவாக முதிர்விக்கப்படுகிறது. மயக்கநிலையில் நுண்ணூசிவழி அவை உறிஞ்சியெடுக்கப்பட்டு, –196 பாகை செல்சியஸ் குளிரிலுள்ள நீர்ம நைட்ரசனில் வைக்கப்படுகின்றன. வேண்டும்போது அவற்றை உருக்கி, ஒவ்வொன்றினுள்ளும் ஒரு விந்தணுவைச் செலுத்திக் கருவாக்கிக் கருப்பையில் சேர்க்கின்றனர். ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை குறைகிறது. எடுத்தவை எல்லாம் முதிர்ந்தவையாக இரா. உருக்கியவை எல்லாம் பிழைப்பதில்லை. கருவானவை எல்லாம் பதிவதில்லை.

இலக்கியத் திறனாய்வுக்கு இதில் முதன்மையாவது, ஓருடலில் இரு வயதுகள் ஏற்படுவதாகும். 30 வயதில் உறையவைத்த முட்டையை 42 வயதில் பயன்படுத்தும் பெண்ணின் கருப்பைக்கும் குருதி நாளங்களுக்கும் 42 வயது, முட்டைக்கு 30. பிள்ளைப்பேறு தொடர்பான கதைகள் யாவும் உடலும் காலமும் ஒருங்கே செல்லும் என்னும் எடுகோளின்மீது கட்டப்பட்டவை. அந்த எடுகோள் இங்கே உடைகிறது. உடைப்பைத் தமிழ்க் கதையாடல் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே இங்கு எழும் வினா.

முட்டைக்கு வழங்கும் பெயர்கள்

ஒரு பொருளுக்குப் பெயர் நிலைபெறவில்லையெனில் அதற்குக் கதை அமைவதும் கடினம். பெண் இனச்செல்லைத் தமிழகப் பள்ளிப் பாடநூல்கள் ‘அண்டம்’ என்றும், அது உருவாகும் உறுப்பை ‘அண்டகம்’ என்றும் வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்க் கல்வி வழக்கில் அவ்வுறுப்பு ‘சூலகம்’. தமிழக மருத்துவ இதழ்களும் மருத்துவமனைப் பலகைகளும் ‘சினைமுட்டை’, ‘சினைப்பை’ என்கின்றன. நாளிதழ்களில் ‘கருமுட்டை’ நிலைத்துவிட்டது. நான்கு சொற்களுக்கும் நான்கு உலகங்கள் உள்ளன.

அண்டம் முட்டையையும் பேரண்டத்தையும் ஒருசேரக் குறிக்கும் வடசொல். பாடநூலைத் தாண்டிய பேச்சில் அது பெண்ணுடலை நினைவூட்டுவதில்லை. சூல் தொன்மையானது. மேகம் சூல்கொள்வதும் நெற்பயிர் சூல்கொள்வதும் சங்க இலக்கியம் தொட்டு வரும் வழக்கு. கண்மாயைச் சுற்றிப் பின்னப்பட்டு 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற சோ. தர்மனின் நாவலுக்கும் ‘சூல்’ என்பதே பெயர். ஆனால் அச்சொல் நிறைந்த நிலையைச் சுட்டுவது. நிறைவதற்கு முந்தைய தனி முட்டையைச் சுட்டாது. சினை, இலக்கண மரபில் முதற்பொருளின் உறுப்பு, மரத்தில் கிளை, மீனிடத்து முட்டைத்திரள், கால்நடையிடத்துக் கருப்பம். மனிதப் பெண்ணைப் பேசும்போது கால்நடைச் சாயல் ஒட்டிக்கொள்வதை நகர்ப்புற மருத்துவமனைகள் பொருட்படுத்தியதாகத் தோன்றவில்லை.

மிகுந்த சிக்கலுக்குரியது ‘கருமுட்டை’ என்னும் சொல்லே. கரு என்பது விந்தணு சேர்ந்தபின் உருவாவது. முட்டை அதற்கு முந்தையது. இரண்டையும் இணைத்த இச்சொல், சேராத முட்டையையும் சேர்ந்த கருவையும் ஒன்றெனக் காட்டிவிடுகிறது. உறைவைப்பில் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே பெண்ணின் முழு இடர்ப்பாடும் ஆகும். முட்டை வைத்திருப்பவள் கரு வைத்திருப்பவள் ஆகமாட்டாள். குழந்தை வைத்திருப்பவள் ஒருபோதும் ஆகமாட்டாள். ‘கருமுட்டைச் சேமிப்பு’ என்னும் விளம்பரத் தொடர் இத்தொலைவை ஒரே தாவலில் கடந்துவிடுகிறது. ‘சேமிப்பு’ என்பதும் கவனிக்கத்தக்கது. வங்கியில் இட்ட வைப்புநிதிக்கு வட்டி வரும். இங்கோ வைத்தவரே ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துகிறார், முதலும் பெருகுவதில்லை.

விதை, நிலம், விதைநெல்

தமிழ் உழவு மரபு சேமிப்பை நன்கறிந்தது. அறுவடையில் பொறுக்கெடுத்த விதைநெல்லை வைக்கோற்புரி சுற்றிக் கோட்டை கட்டி வைப்பதும், பஞ்சத்திலும் அதைக் குத்தி உண்ணலாகாது என்பதும் வேளாண் குடியின் ஒழுக்கம். வரும் பருவம் இன்னும் தொடங்காத நிலையிலேயே அதற்கான உயிரை ஒதுக்கிவைக்கும் இச்செயல் உறைவைப்புக்கு மிக அணுக்கமானது. எனினும் மரபான உவமையில் விதை ஆணுக்குரியது, பெண் நிலம். விதையை எடுத்துவைக்கலாம், கைமாற்றலாம், அயலூரிலிருந்து கொணரலாம். நிலத்தை எடுத்துவைக்க இயலாது. அது பருவத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும். விளையாவிடில் தரிசு என்று பெயர்பெறும். மலடி, வறடி என்னும் வசைகள் வறண்ட நிலத்தோடு உறவுடையவை.

முட்டையை உறையவைக்கும் பெண் இவ்வுவமையைக் கலைத்துவிடுகிறாள். நிலம் என்று சொல்லப்பட்டவள் தன் விதைநெல்லுக்குத் தானே கோட்டை கட்டுகிறாள். இதற்கு மரபில் முன்மாதிரி இல்லை. அதனாலேயே கதை சொல்லிகள், தாம் அறியாமலேயே, பழைய உவமைக்கு இசைந்த பொருளை நாடுகின்றனர். கீழே காணப்படும் படைப்புகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. ஆயினும் இந்த நாட்டத்தில் ஒன்றுபடுகின்றன.

‘மாதொருபாகன்’: காத்திருப்பின் காலம்

2010இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ இவ்வாய்வின் தொழில்நுட்பத்துக்கு முந்தைய உலகைச் சார்ந்தது. காலனியக் காலக் கொங்குநாட்டில் காளியும் பொன்னாவும் திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளையின்றி வாழ்கின்றனர். நாவல் 2014ஆம் ஆண்டு இறுதியில் எதிர்ப்புக்குள்ளானதும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்ததும் பலராலும் விரிவாக எழுதப்பட்டுவிட்டன. அவ்வழக்கின் ஆரவாரத்தில் நாவலின் கால அமைப்பு போதிய கவனம் பெறவில்லை.

பன்னிரண்டு ஆண்டு என்னும் அளவு எங்கிருந்து தொடங்குகிறது? திருமண நாளிலிருந்து. பொன்னாவின் வயதையோ அவளுடைய மாதச் சுழற்சிகளின் எண்ணிக்கையையோ ஊர் கணக்கிடுவதில்லை. மணவாழ்வின் ஆண்டுகளையே எண்ணுகிறது. அவளது கருவளம் திருமணத்தன்று பிறந்து, ஊரார் பொறுமை இழக்கும் நாளில் முடிகிறது. அதற்கு முன்னும் பின்னும் அவளுக்குக் கருப்பை இல்லாததுபோலவே கதை நடக்கிறது. குறை யாரிடம் என்பதை அறிய அக்காலத்தில் வழியில்லை. நாவலும் தீர்ப்புச் சொல்வதில்லை. வேண்டுதல்களும் மருந்துகளும் அடுக்கப்படுகின்றன. திருச்செங்கோட்டு மலையில் ‘வறடிக்கல்’லைச் சுற்றிவரும் பொன்னா, தன் உடலைக் கொண்டு ஓர் ஐயத்துக்கு விடை தேடுகிறாள். காளி மறுமணத்துக்கு வற்புறுத்தப்படுகிறான்; அதாவது, நிலத்தை மாற்றச் சொல்கின்றனர்.

வைகாசித் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவு இந்தக் காத்திருப்பின் உச்சம். அன்றிரவு கூடும் ஆடவர் யாவரும் தேவர். பிறக்கும் பிள்ளை சாமி தந்த பிள்ளை. விந்தளிப்பவரின் அடையாளத்தை மறைத்து, பிறக்கும் குழந்தையைக் கணவனின் மரபுக்குள் சேர்த்துக்கொள்ளும் இவ்வழக்கமும், இக்கால விந்து வங்கியின் பெயர்மறைப்பும் அமைப்பால் ஒன்றே. இவ்வொப்புமை தோன்றக்கூடியதே. எனினும் அதில் மறைந்துபோவது ஒன்றுண்டு. கோயிலும் வங்கியும் விதைக்கு மாற்று வழங்குகின்றன. முட்டைக்கு மாற்றோ சேமிப்போ அந்த உலகில் எண்ணிப்பார்க்கவும் இயலாதது. நாவலின் முழுத்துயரமும், விதை பெயர்க்கத்தக்கது, நிலம் பெயர்க்கத்தகாதது என்னும் முற்கோளிலிருந்தே பிறக்கிறது. அன்றிரவு பொன்னா சென்றது காளி இசைந்துவிட்டான் என நம்பியே. அவன் இசையவில்லை என்பதை அவள் அறியாள். அவளுடைய முடிவு என்று நாவல் காட்டுவது, வேறு மூவர் நடத்திய பேச்சுவார்த்தையின் விளைவே.

இரு தொடர்ச்சிகள்

நாவலின் இறுதியில் பூவரச மரத்தடியில் நிற்கும் காளியைப் பெருமாள்முருகன் அப்படியே விட்டுவிடுகிறார். 2014இல் வெளியான ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ ஆகிய இரண்டும் அந்தக் கணத்திலிருந்து இருவேறு திசைகளில் பிரிகின்றன. ஒன்றில் காளி இறந்துவிடுகிறான், மற்றதில் உயிர்வாழ்கிறான். ஒரு கதைக்கு ஒன்றையொன்று விலக்கும் இரு எதிர்காலங்களைத் தனித்தனி நாவல்களாக எழுதியது தமிழ்ப் புனைவில் துணிவான முயற்சி. திறனாய்வாளர் அதற்கு அளித்துள்ள இடம் குறைவே.

கருமுட்டை உறைவைப்பு பற்றிய சிந்தனைக்கு இவ்வடிவம் நேரடியாக உதவுகிறது. முட்டையை உறையவைக்கும் பெண் வாங்குவது குழந்தையை அன்று. கிளைத்துச் செல்லும் இரு எதிர்காலங்களை. தாயாகும் எதிர்காலமும் ஆகாத எதிர்காலமும் அவள் கையில் சிலகாலம் ஒருசேர நிற்கின்றன. பெருமாள்முருகன் கண்டடைந்த இரட்டைத் தொடர்ச்சி இதற்கு மிகப் பொருந்திய வடிவம். ஆனால் அவர் கதையில் கிளை பிரியும் இடம் எது என்பதைக் கவனிக்க வேண்டும். பிரிவது காளியின் உயிர். அவன் இறந்தானா, இருந்தானா என்பதைப் பொறுத்தே பொன்னாவின் எதிர்காலம் அமைகிறது. ‘ஆலவாய’னில் அவள் கருவுற்றிருப்பது தெரியவருகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக விடையின்றி இருந்த ஐயத்துக்கு அக்கருப்பம் ஓர் ஆய்வக அறிக்கைபோல் விடை தருகிறது: நிலம் தரிசாக இருந்ததில்லை. விடை கிடைக்கும்போது கேட்டவன் உயிரோடு இல்லை.

இந்த இடத்தில் நாவலாசிரியரின் நேர்மை போற்றத்தக்கது. பொன்னாவுக்கு இல்லாத உரிமையை அவர் செயற்கையாக ஏற்றிவைக்கவில்லை. எனினும் அடுத்த தலைமுறை எழுத்துக்கு அவர் விட்டுச்சென்றிருக்கும் வினா தெளிவானது. இதே இரட்டைத் தொடர்ச்சி, கிளை பிரியும் இடம் பெண்ணின் கையில் இருந்தால், எவ்வாறு எழுதப்படும்?

திரையில் விந்தணு

தமிழ்த் திரைப்படம் இத்துறைக்கு வந்தபோது விந்தணுவையே முதலில் கைக்கொண்டது. இந்தியில் 2012இல் வந்த ‘விக்கி டோனர்’ படத்தின் தழுவலான ‘தாராள பிரபு’, 2020இல் கிருஷ்ணா மாரிமுத்துவின் இயக்கத்தில் வெளியானது. தலைப்பே ஒரு திறனாய்வுக் குறிப்பு. தாராளப் பிரபு என்பது பேச்சுவழக்கில் கைநிறைய அள்ளித்தருபவனைக் குறிக்கும். கடையெழு வள்ளல்களிலிருந்து வரும் கொடைமரபின் எள்ளல் கலந்த தொடர்ச்சியாக, விந்தளிக்கும் இளைஞன் வள்ளலாகிறான். விவேக் ஏற்ற மருத்துவர் பாத்திரம் அவனைத் தேடிப்பிடித்து அவ்வள்ளன்மைக்கு இசைவிக்கும் முயற்சியே நகைச்சுவையாக விரிகிறது. கூச்சம், சிரிப்பு, பெருமிதம் ஆகிய மூன்றுக்கும் விந்தணு இடம்தருகிறது. மாறாக, முட்டை எடுக்கப்படும் நிகழ்ச்சியில் ஊசியும் மயக்கமருந்தும் வலியும் உள்ளன. நகைச்சுவைப் படத்துக்கு அவை ஒத்துவாரா. இவ்வாறு, கதைக்கு எது வாய்ப்பானது என்னும் தேர்விலேயே பாலினம் செயற்படுகிறது.

கிருத்திகா உதயநிதி இயக்கி 2025 பொங்கலையொட்டி வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ இதனினும் முன்னேறியது. 1964இல் ஸ்ரீதர் இயக்கிய புகழ்பெற்ற நகைச்சுவைப் படத்தின் பெயரை இது எடுத்துக்கொண்டாலும், அங்கே விளையாட்டாக நின்ற ‘நேரம்’ என்னும் சொல் இங்கே உயிரியற் பொருள் பெறுகிறது. நித்யா மேனன் ஏற்ற ஷ்ரியா, துணைவனின் துரோகத்தை அறிந்து விலகி, கொடையாகப் பெற்ற விந்தணுவால் தனியொருத்தியாகத் தாயாகிறாள். ரவி மோகன் ஏற்ற சித்துக்குக் குழந்தை பெறுவதில் விருப்பமில்லை. தற்பாலீர்ப்புடைய அவனுடைய நண்பன் சேது, எதிர்காலக் குழந்தையை எண்ணித் தன் விந்தணுவை உறையவைக்கிறான். நண்பனோடு சென்ற சித்துவின் விந்தணு கைமாறி ஷ்ரியாவைச் சேர்கிறது.

திருமணத்துக்கு வெளியே, குற்றவுணர்வின்றித் தாய்மையை நாடும் பெண்ணை ஒரு வணிகத் திரைப்படம் மதிப்போடு காட்டியது குறிப்பிடத்தக்க பெயர்ச்சி. ஆனால் உறைவைப்பு என்னும் செயலை இப்படம் யாரிடம் ஒப்படைக்கிறது? ஆண்களிடம். எதிர்காலத்தைத் தள்ளிவைக்கும் உரிமை சேதுவுக்கு. தள்ளிவைத்ததை மறந்துவிடும் உரிமை சித்துவுக்கு. ஷ்ரியா முடிவெடுத்ததும் உடனே கருத்தரிக்க வேண்டியவளாகிறாள். அவளுக்குக் காதலிக்க நேரமில்லை என்பது உண்மையே, காத்திருக்கவும் நேரமில்லை. முடிவில், கொடையளித்தவன் அடையாளம் தெரியாத ஒருவனாக நின்றுவிடாமல், காதலுக்குரியவனாகவே வந்தமைகிறான். தற்செயல் என்னும் கதையுத்தி, வங்கியின் பெயர்மறைப்பைக் குடும்பத்தின் பெயர்ப்பொருத்தமாக மாற்றிவிடுகிறது. பதினான்காம் நாள் இரவின் தேவன் மறுநாள் காலையில் அடையாளம் காணப்பட்டு மாப்பிள்ளையானதைப் போன்றது இது.

முட்டையும் கருவும் கதையிலிருந்து நழுவுவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. லண்டனுக்கு வடக்கே ஓல்டமில் 1978 ஜூலை 25 அன்று லூயி பிரவுன் பிறந்தாள். அதற்கு 70 நாள்களுக்குப் பின், அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் ‘துர்கா’ பிறந்தாள். ஆய்வறையில் உருவாக்கிய கருவை உறையவைத்துப் பின்னர் உருக்கிக் கருப்பையில் சேர்த்ததாக அவர் அறிவித்தார். அதிகார வர்க்கம் நம்ப மறுத்தது. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் வாழ்வின் சாயலில் தபன் சின்ஹா இயக்கிய ‘ஏக் டாக்டர் கி மௌத்’ (1990) படத்தில் மருத்துவரின் முதன்மைக் கண்டுபிடிப்பு தொழுநோய்த் தடுப்பூசியாக மாற்றப்பட்டிருந்தது. நேர்மையான படம், எனினும் அறிவியலாளரின் அவலத்தைச் சொல்லத் தொழுநோய் உதவிய அளவுக்கு உறைந்த கரு உதவாது என்று கருதப்பட்டதே இங்குக் கவனத்துக்குரியது.

இதற்கு மறுதலையான சான்று சப்பானிய மொழியில் உள்ளது. மியெகோ கவகாமியின் ‘சிச்சி தோ ரன்’ (2008) குறுநாவலின் தலைப்பே முலையும் முட்டையும் என்று பொருள்படும். தாயோடு பேசுவதை நிறுத்திவிட்ட சிறுமி மிதொரிகோ, பூப்பை எண்ணி அஞ்சி, தன் உடலுக்குள் முட்டைகள் இருப்பதன் விந்தையைக் குறிப்பேட்டில் எழுதுகிறாள். உச்சக்காட்சியில் தாயும் மகளும் சமையலறையில் கோழிமுட்டைகளைத் தத்தம் தலையில் உடைத்துக்கொள்கின்றனர். பின்னர் இதை விரித்தெழுதிய பெருநாவலில், நடுவயதை நெருங்கும் நத்சுகோ கொடை விந்தணுவால் தாயாக முனைகிறாள். முட்டை இங்கே கையில் பிடிக்கத்தக்கதாகவும் ஒழுகுவதாகவும் நாறுவதாகவும் இருக்கிறது. ‘அண்டம்’, ‘கருமுட்டை’ என்னும் சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அதற்கு வாய்ப்பில்லை.

வள்ளலும் விற்பவளும்

விந்தளிப்பவனுக்கு ‘பிரபு’ என்று பெயர் கிடைத்த அதே ஆண்டுகளில், ‘கருமுட்டை’ என்னும் சொல் தமிழ்நாட்டுச் செய்திகளில் பெருமளவு அடிபட்டது ஒரு குற்ற வழக்கின் பெயராக. 2022இல் ஈரோட்டில், 16 வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆதார் அட்டையால் கூட்டிக்காட்டி, அவளிடமிருந்து பலமுறை முட்டைகள் எடுக்கப்பட்டு விற்கப்பட்டது வெளிப்பட்டது. தாயே கைது செய்யப்பட்டார். எடுக்கும் முறை ஒன்றே. அதே ஊசி, அதே மயக்கம். நகரத்து ஊதியக்காரப் பெண்ணுக்கு அது ‘சேமிப்பு’; வறிய வீட்டுப் பெண்ணுக்கு ‘விற்பனை’. உறைவைப்பு பற்றிய கதை எழுதப்படும்போது முதலாமவள் மட்டுமே அதன் நாயகியாவாள் என்னும் அச்சம் ஆதாரமற்றதன்று.

உதவிபெறு இனப்பெருக்கத் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை)ச் சட்டம், 2021, முட்டைக் கொடையாளரின் வயதை 23 முதல் 35 வரை என வரையறுத்து, வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே, ஏழு முட்டைகளுக்கு மிகாமல் எடுக்கலாம் என்கிறது. ஒரு கொடையாளரின் இனச்செல்லை ஒரு தம்பதிக்கு மேல் வழங்கவும் தடை. ஆக, ‘தாராள பிரபு’வின் வள்ளன்மை வெளியான மறு ஆண்டே சட்டவிரோதமாயிற்று. தனித்து வாழும் பெண்ணும் இச்சட்டப்படி சிகிச்சை பெறலாம். பெண்ணுக்கு வயது வரம்பு 21 முதல் 50. ஷ்ரியாவின் கதை சட்டத்துக்கு உட்பட்டதே. அதே ஆண்டில் வந்த வாடகைத்தாய்ச் சட்டமோ, துணையற்ற பெண்களில் கைம்பெண்ணையும் மணவிலக்குப் பெற்றவரையும் மட்டுமே ஏற்கிறது. மணமே ஆகாதவரை ஏற்பதில்லை. முட்டையை உறையவைத்த மணமாகாத பெண், பின்னர்த் தன் கருப்பை தாங்காது என்று அறிய நேர்ந்தால், அவளுக்கு அவ்வழி அடைபடுகிறது. ஊரார் எண்ணிய திருமண நாள் சட்டத்தின் ஓரத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

எழுதப்படாத காட்சி

பெண்கள் பணி முன்னேற்றத்துக்காகவே முட்டையை உறையவைக்கின்றனர் என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்காவில் 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் உரையாடி மானுடவியலாளர் மார்சியா இன்ஹார்ன் 2023இல் வெளியிட்ட நூல் வேறு காரணத்தை முன்வைக்கிறது: கல்வியிலும் நோக்கிலும் இணையான, பிள்ளை வளர்ப்பில் பங்கேற்க இசையும் துணை கிடைக்கவில்லை என்பதே அப்பெண்களில் பெரும்பாலோர் கூறியது. அவர்கள் திருமணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் என்பதைவிட, அதற்காகக் காத்திருந்தவர்கள் என்பதே பொருந்தும். இக்காத்திருப்பு பொன்னாவினதைத் திருப்பிப்போட்டது. அவள் கணவனோடு பிள்ளைக்குக் காத்திருந்தாள். இவர்கள் பிள்ளைக்குரிய முட்டையோடு துணைக்குக் காத்திருக்கின்றனர்.

உறையவைத்த பெண்களில் பெரும்பாலோர் அம்முட்டைகளைப் பயன்படுத்தத் திரும்பி வருவதில்லை என்பது பல நாடுகளிலும் காணப்படும் நிலை. சிலர் இயல்பாகக் கருத்தரித்துவிடுகின்றனர். சிலருக்குத் துணை அமைவதில்லை. சிலர் விருப்பம் மாறுகின்றனர். வருபவர்களிலும் சிலருக்கு உருக்கியபின் எதுவும் எஞ்சுவதில்லை. திரைக்கதை நாடும் இறுதிக்காட்சி, அதாவது பிள்ளையைக் கையிலேந்தும் காட்சி, இத்தொழில்நுட்பத்தின் வழக்கமான முடிவாகாது. அதன் வழக்கமான நிகழ்ச்சி மிகச் சிறியது. ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவமனையிலிருந்து சேமிப்புக் கட்டணத்துக்கான நினைவூட்டல் வருகிறது. பெண் அதைச் செலுத்துகிறாள். அல்லது, ஓர் ஆண்டு, செலுத்தாமல் விடுகிறாள்.

இந்திய விதிமுறை கொடையாளரின் இனச்செல்லையும் கருவையும் பத்தாண்டுகளுக்கு மேல் வைக்கவிடுவதில்லை. பிரிட்டனில் 2022 ஜூலை முதல், பத்தாண்டுக்கு ஒருமுறை ஒப்புதலைப் புதுப்பித்து 55 ஆண்டுகள்வரை வைத்திருக்கலாம். அங்கே ஒரு பெண் தன் வாழ்நாளில் ஐந்துமுறை அந்த வினாவுக்கு விடையளிக்க நேரலாம். முப்பதில் ஒப்பமிட்டவளும் எழுபதில் ஒப்பமிட மறுப்பவளும் ஒருத்தியே. ‘ஆலவாய’னும் ‘அர்த்தநாரி’யும் ஆண் ஒருவனின் இறப்பைக் கொண்டு பிரித்த இரு பாதைகளை, அந்தக் கட்டணச் சீட்டு ஆண்டுதோறும் அவள் மேசைமீது கொண்டுவந்து வைக்கிறது. அவள் சீட்டைக் கையிலெடுக்கும் காட்சி இங்கு எடுத்துக்கொண்ட படைப்புகளில் இல்லை. அதற்கு ஊரும் வேண்டாம், திருவிழாவும் வேண்டாம், தற்செயலாய் வந்துசேரும் காதலனும் வேண்டாம்.